சிரிக்கட்டும் தருமபுரி!

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு காட்சியை இன்றும் பார்க்கலாம்.

குழாயடியில், பஸ் நிறுத்தத்தில், கல்யாண வீட்டில் பெண்கள் கூடி நிற்பார்கள். யாராவது ஒருத்தி வேடிக்கையாக ஏதோ சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்த மறு நொடியே ஒருத்தியின் கை வாயை மூடும். இன்னொருத்தியின் முந்தானை உதட்டுக்குப் போகும்.

வெளியூர்க்காரர்கள், "அடடா! எவ்வளவு கூச்சம்!" என்று நினைப்பார்கள்.

அது கூச்சம் அல்ல. பல்லை மறைக்கிறார்கள்!

பல்லில் பழுப்புக் கறை. சிலருக்குச் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைப் புள்ளி. சிலருக்குக் குறுக்கே மஞ்சள் கோடு. உப்பு, கரி, சாம்பல், செங்கல் பொடி என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது போவதில்லை. தேய்க்கத் தேய்க்கப் பல்தான் தேய்கிறது.

பெண் பார்க்க வருகிறவர்கள், "பல்லே விளக்க மாட்டாளோ?" என்று காதோடு காதாகப் பேசிக் கொள்வார்கள். உள்ளே நிற்கும் பெண்ணுக்கு அது கேட்கும். அவள் தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறவளாக இருப்பாள். யாரிடம் போய்ச் சொல்வாள்?

குற்றம் அவளுடையது அல்ல. அவள் குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீருடையது.

இதை ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்க ஒரு படிப்பு இருக்கிறது. "டென்டல் ஹைஜீனிஸ்ட்" படிப்பு என்பார்கள். தமிழில் பல் சுகாதாரப் பணியாளர் படிப்பு எனலாம். அந்தப் படிப்பைத் தருமபுரியிலேயே நடத்த வேண்டும், படித்தவர்களுக்கு அந்த மாவட்டத்திலேயே வேலை கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

தண்ணீரில் ஒளிந்திருப்பது என்ன?

தருமபுரி பாறை மண். மழை குறைவு. தண்ணீருக்காக ஆழமாகத் துளை போட வேண்டியிருக்கிறது. ஆழத்தில் உள்ள பாறைகளில் புளோரைடு என்ற உப்பு இருக்கிறது. நெடுநாள் பாறையோடு கிடக்கும் தண்ணீரில் அது கரைந்து விடுகிறது.

இதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. நாக்கில் பட்டாலும் தெரியாது. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரிலும் இருக்கலாம்.

கொஞ்சம் இருந்தால் நன்மைதான். பல் சொத்தையாகாமல் காக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக் கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஆபத்து. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த உப்புக்கு அப்படியே பொருந்தும்.

குழந்தை பிறந்தது முதல் எட்டு வயது வரை, நிலைத்த பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக் கொண்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் புளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்தால் பல்லின் மேல்பூச்சு சரியாக அமைவதில்லை. முளைக்கும்போதே கறையோடு முளைக்கிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். முதுகு வளையும். இந்த நோய்க்கு புளூரோசிஸ் என்று பெயர்.

தாய்மார்களே, ஒன்றை மறக்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைடு போகாது! தண்ணீர் வற்ற வற்ற உப்பின் அளவு கூடத்தான் செய்யும்.

கண்டுபிடித்த கதை

இந்தக் கறையின் காரணத்தைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

1901ல் பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குத் தொழில் செய்யப் போனார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் எல்லாம் பழுப்புக் கறை. ஊராருக்கு அது பழகிப் போயிருந்தது. டாக்டருக்குப் பழகவில்லை. ஏன், ஏன் என்று கேட்டுக் கொண்டே இருந்தார். கடைசியில் 1931ல் சர்ச்சில் என்ற ரசாயன நிபுணர் தண்ணீரைச் சோதித்து, "இதோ குற்றவாளி!" என்று புளோரைடைக் காட்டினார்.

நம் பக்கத்துக்கு இந்தச் சங்கதி வர அதிக நாள் ஆகவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் இந்த நோய் இருப்பதை 1937ல் ஷார்ட் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் எழுதி வெளியிட்டார்கள்.

காரணம் தெரிந்து இத்தனை காலம் ஆகிவிட்டது. ஆனால் "பல் விளக்காதவள்" என்ற ஏச்சு மட்டும் இன்னும் போகவில்லை!

காவிரி வந்தது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவர ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். ஜப்பான் நாட்டின் கடனுதவி கிடைத்தது. முதலமைச்சராக இருந்த கருணாநிதி 2008ல் அடிக்கல் நாட்டினார். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா 2013ல் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். செலவு சுமார் 1,928 கோடி ரூபாய். திட்டத்தின் பெயரிலேயே "புளூரோசிஸ் தணிப்பு" என்ற சொல் இருக்கிறது. நோயின் பெயரைத் தாங்கிய குடிநீர்த் திட்டம் இது!

மத்திய அரசும் 2008-09ல் புளூரோசிஸ் தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

நல்ல காரியம். இரு முதலமைச்சர்களுக்கும், உழைத்த பொறியாளர்களுக்கும், குழாய் பதித்த தொழிலாளிகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் குழாய் வந்தால் மட்டும் போதுமா? தெருவில் இரண்டு குழாய் இருந்தால், எந்தக் குழாயில் காவிரி, எந்தக் குழாயில் போர்வெல் தண்ணீர் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டாமா? காவிரித் தண்ணீர் வராத நாளில், "எல்லாம் தண்ணீர்தானே!" என்று போர்வெல் தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் புகட்டினால் என்ன பயன்? குடிக்கவும் சமைக்கவும் காவிரி, குளிக்கவும் துணி துவைக்கவும் போர்வெல் என்று பிரித்து வைக்கும் பழக்கம் வீட்டில் வர வேண்டாமா?

2013ல் பிறந்த குழந்தைக்கு இப்போது பத்து வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் குழந்தையின் பல்லைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் திட்டம் அந்த வீட்டை எட்டிவிட்டது. கறையோடு இருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பல்லே சாட்சி சொல்லும்!

அந்தச் சாட்சியைக் கேட்டு எழுதி வைக்க ஊருக்கு ஓர் ஆள் வேண்டும்.

கறை வேறு, காரை வேறு

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல் சுகாதாரப் பணியாளர் வந்து சுத்தம் செய்தால் புளோரைடுக் கறை போய்விடுமா? போகாது!

கறை என்பது பல்லின் மேல்பூச்சுக்கு உள்ளேயே இருப்பது. சாயம் தோய்த்த நூலில் நெய்த துணிபோல. துவைத்தால் போகுமா? பல் டாக்டர்தான் மேல்பூச்சை மெல்ல மெருகேற்றியோ, வெளுக்க வைத்தோ, மேலே மெல்லிய உறை ஒட்டியோ சரி செய்ய வேண்டும். அதற்குச் செலவு உண்டு.

காரை என்பது வேறு. அது பல்லின் மேலே படிவது. சாப்பிட்ட பிறகு பல்லில் ஒட்டும் பிசுபிசுப்பில் கிருமிகள் குடியேறுகின்றன. துலக்காமல் விட்டால் சில நாளில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாக இறுகுகிறது. அந்தக் கல் ஈறை உறுத்துகிறது. ஈறு சிவக்கும்; வீங்கும்; துலக்கினால் ரத்தம் வரும். அப்படியே விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, நல்ல பல் ஆடி விழும். சொத்தை ஒன்றும் இல்லாமலே பல் போய்விடும்!

இந்தக் காரையை எடுப்பதுதான் பல் சுகாதாரப் பணியாளரின் முக்கியமான கைவேலை.

"பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும், பல்லுக்குப் பல் சந்து விழும்" என்று நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. இது தவறு. சந்து முன்பே விழுந்துவிட்டது. அதைக் காரை அடைத்துக் கொண்டிருந்தது. காரையை எடுத்ததும் சந்து கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வளவுதான்! ஈறு ஆறினால், மிச்சமிருக்கும் பிடிப்பைக் காப்பாற்றிக் கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. ஒன்றுக்கு ஒன்று உடன்பிறந்த பகை.

கறை உள்ள பெண்ணிடம், "அம்மா, இது உன் குற்றமில்லை. இதைத் தேய்த்துத் தேய்த்துப் பல்லைக் கெடுத்துக் கொள்ளாதே. உன் பிள்ளைக்கு மட்டும் நல்ல தண்ணீர் கொடு" என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? காரை எடுப்பதைவிட அது பெரிய வைத்தியம் என்பேன்.

முதல் பணிப்பெண்

இந்த உத்தியோகம் பிறந்த கதை சுவையானது.

அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஆல்பிரட் போன்ஸ் என்ற பல் டாக்டர் இருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் பல் பிடுங்கியே கை ஓய்ந்தது. "கெட்ட பிறகு பிடுங்குவதற்குப் பதில், கெடாமல் காத்தால் என்ன?" என்று யோசித்தார். தம்மிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்கு, 1906ல் பல் சுத்தம் செய்யும் வேலையைக் கற்றுக் கொடுத்தார். அவர் டாக்டரின் உறவுக்காரப் பெண்.

1913ல் போன்ஸ் ஒரு வகுப்பே தொடங்கினார். பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. கார் நிறுத்தும் கொட்டகைதான் பள்ளிக்கூடம்! அடுத்த ஆண்டு 27 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் பிரிட்ஜ்போர்ட் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குழந்தைகளின் பல்லைச் சுத்தம் செய்து, துலக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். 1917ல் ஐரீன் நியூமனுக்கு அரசாங்க லைசென்சே கிடைத்தது.

இதைப் பார்த்து மற்ற நாடுகளும் தங்கள் வசதிக்கு ஏற்பச் செய்தன. நியூசிலாந்தில் 1921 முதல் பள்ளிப் பல் நர்சுகளைப் பயிற்றுவித்தார்கள். நம்மவர்கள் நிறைய வாழும் மலேசியாவில், பினாங்கில் 1949ல் இதற்காகவே பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். இலங்கையிலும் மகரகமையில் பள்ளிப் பல் சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி நடந்து வருகிறது. இந்த நாடுகளின் நர்சுகள் குழந்தைகளின் சொத்தைப் பல்லை அடைக்கவும் கற்றவர்கள். நம் நாட்டுப் பல் சுகாதாரப் பணியாளருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கே தேடிப் போவது என்ற யோசனை ஒன்றுதான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

"இது புதிதாக இருக்கிறதே!" என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் 1948ல் வந்த பல் டாக்டர்கள் சட்டத்திலேயே இந்த உத்தியோகத்துக்கு இடம் இருந்தது. பல்லில் உள்ள காரையை எடுப்பது, சுத்தம் செய்வது, மெருகேற்றுவது, பல் சுகாதாரம் பற்றிப் போதிப்பது, இவையே அவர் வேலை என்று சட்டம் வகுத்தது. 2023ல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதிலும் பல் துணைப் பணியாளர்களுக்கு இடம் இருக்கிறது.

சுதந்திரம் வந்த மறு ஆண்டே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம் கிராமங்களில் எத்தனை பேருக்கு இந்த உத்தியோகத்தின் பெயர் தெரியும்? நர்சு தெரியும். கம்பவுண்டர் தெரியும். லேப் டெக்னீஷியன்கூடத் தெரியும். இது மட்டும் தெரியாது!

படிப்பு எப்படி?

இது இரண்டு ஆண்டு டிப்ளமோ. பிளஸ் டூவில் விஞ்ஞானப் பாடம் படித்துத் தேறியவர்கள் சேரலாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இந்தப் படிப்பு உண்டு.

என்ன கற்றுக் கொடுப்பார்கள்? உடலின் அமைப்பு, பல்லின் வடிவம், வாய் நோய்கள், கிருமிகள், மருந்துகள், உணவுச் சத்து ஆகியவை பாடங்கள். கருவிகளைக் கொதிநீராவியில் வைத்துக் கிருமி நீக்குவது, பல் எக்ஸ்ரே எடுக்க உதவுவது, காரை சுரண்டுவது, மெருகேற்றுவது ஆகியவை கைப்பழக்கம். முதலில் பொம்மைப் பல்லில் பழகுவார்கள். கை நடுக்கம் தீர்ந்த பிறகே மனிதர் வாயில் கை வைப்பார்கள்.

அதோடு பேசவும் கற்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையை வாய் திறக்க வைப்பது சாமானியமான வித்தையா? வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பெரியவரிடம், "தாத்தா, இந்த வெள்ளைத் தழும்பை டாக்டரிடம் காட்டி விடுங்கள்" என்று கோபம் வராமல் சொல்ல வேண்டும். அந்தத் தழும்பு நாளைக்குப் புற்றுநோயாக மாறக் கூடியது. ஒரு சொல் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஊருக்கு ஊர் போர்டு மாட்டி, "பல் படிப்பு, உடனே வேலை" என்று பணம் வாங்குகிறவர்கள் உண்டு. அழகான சர்டிபிகேட்டும் கொடுப்பார்கள். ஆனால் முறையான அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பெயரைப் பதிய முடியாது. பதியாதவர் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆகவே பணம் கட்டும் முன்பே, "அங்கீகார உத்தரவைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்து விடுங்கள்!

"டாக்டர்கள்தான் இருக்கிறார்களே!"

என் யோசனையைக் கேட்ட நண்பர் ஒருவர் மூன்று கேள்வி கேட்டார். நியாயமான கேள்விகள்தான்.

"பல் டாக்டர்களே வேலை தேடி அலைகிறார்கள். இவர்கள் எதற்கு?" என்பது முதல் கேள்வி.

டாக்டர்கள் நிறைய இருப்பது உண்மை. ஆனால் எங்கே இருக்கிறார்கள்? டவுனில் இருக்கிறார்கள். பென்னாகரத்துக்கு அப்பால் உள்ள காட்டோரக் கிராமத்துக்கும், சித்தேரி மலைக்கும், வத்தல்மலைக்கும் நாற்காலியைத் தூக்கிக் கொண்டு அவர்கள் போக முடியுமா? பல் வலி வந்தவர் டவுனுக்கு வருவார். வலி வராத குழந்தை வராது. வலி வராத குழந்தையைத் தேடிப் போவதுதான் நான் சொல்லும் உத்தியோகம். தேடிப் போகிறவர் கண்டுபிடித்து அனுப்பினால், டாக்டருக்கும் வேலை பெருகும்.

"அரைகுறையாகக் கற்றவர்கள் தாங்களே டாக்டர் என்று போர்டு மாட்டி விடுவார்களே!" என்பது இரண்டாவது கேள்வி.

இந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. ஆகவேதான் டாக்டரின் மேற்பார்வையில், அரசாங்க ஆஸ்பத்திரியைச் சார்ந்து இவர்கள் வேலை செய்ய வேண்டும் என்கிறேன். பல் பிடுங்கக் கூடாது. பல் அடைக்கக் கூடாது. மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. கண்டதை எழுதி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். எல்லை தெளிவாக இருந்தால் தொல்லை இல்லை.

"படித்து முடித்தவர்களுக்கு வேலை எங்கே?" என்பது மூன்றாவது கேள்வி.

இதுதான் உயிரான கேள்வி. இங்கே நான் வாக்கு கொடுக்க முடியாது. தனியார் பல் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் டாக்டர்களே சுத்தம் செய்து கொள்கிறார்கள். ஆகவே வேலையை உண்டாக்காமல் படிப்பை மட்டும் தொடங்கினால், ஏழைப் பெற்றோர் பட்ட கடன்தான் மிஞ்சும். முதலில் உத்தியோகம், பிறகு வகுப்பு. இந்த வரிசை மாறக் கூடாது!

ஒரு சின்னக் கணக்கு

தருமபுரி மாவட்டத்தின் ஜனத்தொகை 2011 கணக்கின்படி 15 லட்சம். பெரிய மாவட்டம் அல்ல. செய்து பார்க்க ஏற்ற மாவட்டம்.

ஒரு பணியாளர் ஒரு நாளைக்கு 30 குழந்தைகளின் வாயைப் பார்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் 200 நாள் வேலை. ஆண்டுக்கு 6,000 குழந்தைகள். பத்துப் பேர் இருந்தால் 60,000 குழந்தைகள். பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்க ஓர் அரசாங்கத்தால் முடியாதா? 1,928 கோடி ரூபாய் செலவில் தண்ணீர் கொண்டு வந்தோம். அந்தத் தண்ணீரின் பலனைக் கண்டறியப் பத்துப் பேர் அதிகமா?

வகுப்பு நடத்த இடம் இருக்கிறதா என்றால், தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உடலமைப்பும் கிருமியும் மருந்தும் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். பல் மருத்துவ ஆசிரியர்களையும் நாற்காலிகளையும் சேர்த்து, முறைப்படி அங்கீகாரம் வாங்கினால் போதும். கார்க் கொட்டகையில் தொடங்கிய படிப்பு இது. கல்லூரியில் தொடங்கக் கூடாதா?

உள்ளூரில் ஏன் என்று கேட்கலாம். தருமபுரியிலிருந்து சென்னை சுமார் 300 கிலோ மீட்டர். கூலி வேலை செய்யும் தகப்பன் மகளை அங்கே அனுப்பத் தயங்குவான். விடுதிச் செலவு ஒரு பக்கம். மனக் கவலை ஒரு பக்கம். பிளஸ் டூ முடிந்ததும் கல்யாணம் என்று அவசரப்படும் வீடுகள் அந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் படிப்பு இருந்தால், "சரி, இரண்டு வருஷம் படிக்கட்டும்" என்று அந்த வீடும் சொல்லும்.

இன்னொரு காரணமும் உண்டு. கறைப் பல்லோடு வளர்ந்த பெண்ணே அந்த உத்தியோகத்துக்கு வந்தால்? அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று, "எனக்கும் இப்படித்தான். நான் பல் துலக்காதவள் அல்ல" என்று சிரித்துக் காட்டினால், எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கை தானாக வாயை விட்டு இறங்கும். சென்னையிலிருந்து வருகிற எந்த நிபுணராலும் அது முடியாது.

அதுவரை நாம் செய்ய வேண்டியது

அரசாங்கம் செய்யும் வரை கையைக் கட்டிக் கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம்.

வீட்டில் குடிக்கும் தண்ணீர் எது என்று தெரிந்து கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வாரியத்தின் சோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நல்ல தண்ணீரை முதலில் ஒதுக்குங்கள்.

காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பல் துலக்க வேண்டும். குழந்தைக்குப் பற்பசை பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு போதும். விழுங்க விடாதீர்கள்.

ஆலங்குச்சி, வேலங்குச்சி பழக்கம் உள்ளவர்கள் ஈறு கிழியாமல் மெதுவாகத் துலக்குங்கள். செங்கல் பொடியை விட்டுவிடுங்கள்.

தருமபுரிக்காரர்களுக்குக் கேழ்வரகுக் களியின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பிள்ளைகள் களி வேண்டாம் என்றால் கூழாகவோ அடையாகவோ கொடுங்கள். எலும்புக்கும் நல்லது, பல்லுக்கும் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கறைப் பல் உள்ள பெண்ணைப் பார்த்து இனி யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கறை அவள் ஊரின் பாறை எழுதிய எழுத்து. அவள் எழுதியது அல்ல.

ஊரின் பாறையை மாற்ற முடியாது. தண்ணீரை மாற்றினோம். தண்ணீரைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவும், பல்லைப் பார்த்துக் கொள்ளவும் பத்துப் பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்து உத்தியோகமும் கொடுத்துவிட்டால், மிச்சமும் மாறும்.

அப்போது தருமபுரிப் பெண்கள் கூடிச் சிரிப்பார்கள். கை இடுப்பில் இருக்கும். முந்தானை தோளில் இருக்கும்.

சிரிப்பு மட்டும் வாயில் இருக்கும்!